பழைய வீட்டு வளைகளைக் கொண்டு புது அறை கட்டுவது

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டுப் பேச்சும் கூடவே வரும். தாய்வீடு மகளுக்குப் போகும். பெற்றோர் அதே வளவுக்குள் பின்பக்கமாக ஓர் அறையும் குசினியும் இறக்கிக்கொண்டு இருப்பார்கள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு எழும்பும். இப்படி மட்டக்களப்பில் ஏதாவது ஒரு பழைய கூரை எப்போதும் கழற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கழற்றிய மரம் வேலியோரம் குவிந்து, ஒரு மாரி முழுக்க நனைந்து, கடைசியில் அடுப்புக்குப் போகிறது. அறுபது வருசம் ஓடு சுமந்த முதிரை மர வளையைக் கொத்தி விறகாக்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதே அளவு முதிரையை இன்றைக்கு மரக்காலையில் விலை கேட்டால் அதன் அருமை தெரியும்.

மாமியின் பழைய வீடு களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்தது. அதைக் கழற்றி வந்த மரத்தை வைத்து எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் விறாந்தையும் கட்டினோம். அதற்கு முன்பு குசினி இறக்கியபோது விலைக்கு வாங்கிய பழைய மரத்தில் ஏமாந்தும் இருக்கிறோம். இரண்டிலும் படித்ததை, முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானோர் அறைக்குப் படம் கீறி, அத்திவாரம் போட்டு, சுவரும் எழுப்பிவிட்டுத்தான் "சரி, பழைய மரம் கிடக்குதே, அதைப் போடுவம்" என்று மரத்திடம் போகிறார்கள். அப்போது மரம் அரை அடி காணாது. அந்த அரை அடிக்காக ஒட்டுப் போடுவார்கள். இல்லையென்றால் உக்கிய நுனியை வெட்டாமல் அப்படியே சுவருக்குள் செருகிவிடுவார்கள். முதலில் மரத்தை அளந்து, நல்லது கெட்டது பிரித்து, அப்புறம்தான் அறையின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் கீழே சொல்லும் எதுவும் சரிவராது.

பெயர்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். முகட்டில் நெடுகக் கிடப்பது முகட்டு வளை. சுவரின் மேல் நெடுகக் கிடப்பது சுவர் வளை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் குறுக்கே போய் இரண்டையும் இழுத்துப் பிடிப்பது தீராந்தி. முகட்டிலிருந்து சரிவாக இறங்குவது கைமரம். அதன்மேல் ஓட்டுக்காக அடிப்பது சலாகை. பழைய வீட்டில் திரும்பப் பாவிக்கப் பெறுமதியானவை தீராந்தியும் வளைகளும்தான். கைமரம் பாதி தேறும். சலாகையைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். ஆணி ஆணியாகத் துளைத்திருக்கும்.

கடதாசி வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவறவிடாதீர்கள். வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதற்கும் உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வளவு இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். கல்லடி, பெரிய கல்லாறு, காரைதீவு போன்ற இடங்களில் பல வளவுகள் இதற்குள் வரும்.

மரம் இன்னொரு ஊரிலிருந்து வருகிறது என்றால் ஏற்றுமுன் வனப் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் அனுமதிப்பத்திரம் பற்றிக் கேளுங்கள். பழைய மரம்தானே என்று முதிரையையும் பாலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தால் வழியில் மறித்துக் கேட்கும்போது பதில் இருக்காது. வீட்டைக் கழற்றுமுன் கூரை தெரிய நாலு படம் எடுத்து வையுங்கள். இந்த வீட்டைக் கழற்றிய மரம்தான் இது என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எந்த மரம் என்று அறிதல்

பழைய மரம் எல்லாம் புகையும் தூசும் படிந்து ஒரே கறுப்பாகத்தான் தெரியும். சீவுளியால் ஒரு கையகலம் சீவிப் பார்த்தால்தான் முகம் தெரியும். முதிரை என்றால் பொன்மஞ்சள் நிறத்தில் பட்டுப்போல மினுங்கும். பாலை சிவப்போடிய கபிலம். பாரத்திலேயே தெரிந்துவிடும், ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் தாழும். சமண்டலை செம்பழுப்பாக, கையில் எண்ணெய் பிசுபிசுப்பதுபோல இருக்கும். முறியாமல் வளைந்து கொடுக்கிற மரம். ஆங்கிலேயர் காலத்தில் இதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னைக் கடற்கரையில் அலைக்குள் இறங்கிய மசூலாப் படகுகளை இதில்தான் கட்டினார்கள். அப்படிப்பட்ட மரம் உங்கள் மாட்டுக் கொட்டிலின் மேல் கிடக்கலாம். ஆகவே கொட்டிலையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

பனையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற மரங்களுக்கு உறுதியான வயிரம் நடுவில், இளசான வெளிறு வெளியில். பனைக்கு எல்லாம் தலைகீழ். வயிரம் வெளிச்சுற்றில் இருக்கும், உள்ளே நாரும் சோறுமான மெதுவான பகுதி. அதனால் பழைய பனை வளையை மில்லில் கொடுத்து இரண்டாக அரிந்து மெல்லிய சட்டமாக்கினால், பலமான தோலைச் செதுக்கி எறிந்துவிட்டுச் சோற்றை வைத்துக் கட்டியதாக முடியும். பனை எந்த அளவில் வந்ததோ அந்த அளவிலேயே திரும்பப் போட வேண்டும். கறுத்த நார் நெருக்கமாக ஓடும் பக்கம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இன்னும் ஒரு தலைமுறைக்குப் போகும்.

தட்டி, குத்தி, பார்த்து

எங்களுக்கு மரவேலை செய்த ஓடாவியார் எழுபதைத் தாண்டியவர். கூரையைக் கழற்ற ஆள் வந்து நிற்கிறது. அவரோ ஏணியை வைத்து ஏறி, தீராந்தியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. நடுவில் எல்லாம் கணீர் கணீர் என்று வந்தது. மேற்குச் சுவருக்கு அரை அடி இருக்கும்போது சத்தம் பொத்தென்று விழுந்தது. அந்த இடத்தில் பெயின்ற் பளபளப்பாக, கீறல்கூட இல்லாமல் இருந்தது. உளி நுனியை வைத்து ஒரு அழுத்து. இரண்டு அங்குலம் சத்தமில்லாமல் உள்ளே போனது. இழுத்தபோது காப்பித்தூள் போல ஒரு பொடி கொட்டியது. "இதுக்குள்ள ஒண்டுமில்ல மனே, வெறும் தோல்தான். ஆனா பயப்படாத, அங்கால நல்ல மரம் கிடக்கு" என்றார்.

அந்தச் சோதனையைத்தான் நீங்களும் செய்ய வேண்டும், மரம் கூரையில் இருக்கும்போதே. சுவருக்குள் புதைந்திருந்த நுனிகளை முதலில் பாருங்கள்; ஈரம் அங்கேதான் தங்கும். ஓடு உடைந்து ஒழுகிய இடத்துக்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில் கறை இருக்கும். அந்தக் கறைக்கு நேர் மேலே குத்துங்கள். கூரான கத்தியோ உளியோ நல்ல மரத்தில் கால் அங்குலம்கூடப் போகாது, இழுக்கும்போது நீளமான சிராய் வரும். உக்கிய மரத்தில் வெண்ணெயில் போவதுபோலப் போகும், குட்டைக் குட்டையாக உடையும்.

வெடிப்பைக் கண்டதும் மரத்தைத் தள்ளிவிடாதீர்கள். நார் ஓடும் திசையிலேயே நெடுக ஓடும் வெடிப்பு, மரம் காய்ந்தபோது வந்தது, பெரும்பாலும் கேடில்லை. சரிவாக ஓடி மரத்தின் கீழ் விளிம்பில் வெளியே வரும் வெடிப்பு கூடாது. நுனியில், மரத்தின் அரை ஆழத்தில், கிடையாகப் பிளந்து உள்ளே ஓடும் வெடிப்பும் கூடாது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குட்டையான வேலைக்கு எடுங்கள். கதவு நிலை, யன்னல் மேல்மரம், திண்ணைத் தூண் என்று எத்தனையோ இருக்கிறது.

துளைகளைப் பற்றி. ஊசிமுனைத் துளைகள் வெளிறில் மட்டும் இருந்து, அவற்றிலிருந்து மாப்போன்ற தூள் எதுவும் கொட்டவில்லையென்றால் அது பழைய கதை. வெளிறைச் செதுக்கிவிட்டால் போதும். கழற்றிய மரத்துக்குக் கீழே வெள்ளைக் கடதாசி விரித்து இரண்டு கிழமை விடுங்கள். கடதாசியில் புதிதாக மா விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. கறையான் ஏறிய மண்குழாய் தெரிந்தால் அதைத் தட்டிவிட்டு அதன்கீழே குத்திப் பாருங்கள். கறையான் மேற்பரப்பை விட்டுவைத்து உள்ளேதான் தின்னும்.

விலைக்கு வாங்குவதானால் இன்னும் கவனம். நாங்கள் குசினிக்கு வாங்கிய நாலு வளைகளும் கறுப்பு மெழுக்குப் பூசி, பார்க்க அழகாக அடுக்கியிருந்தன. விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். ஏற்றி எட்டாம் மாதம் ஒன்று நடுவில் தொய்ந்தது. இறக்கிச் சீவிப் பார்த்தால், துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, அதன்மேல் மெழுக்குப் பூசியிருந்தார்கள். அன்றிலிருந்து பூசிய பழைய மரத்தை, எந்தப் பக்கமாவது சீவிக் காட்டாமல் நான் வாங்குவதில்லை. சீவ விடமாட்டேன் என்றால் அங்கே நிற்க வேண்டியதில்லை.

கழற்றும்போது

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு நல்ல காலம் பங்குனி, சித்திரை. வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். கழற்றிய மரம் நிழலில் தானாகவே காயும். புரட்டாதி முடிவதற்குள் புதுக்கூரை மூடிவிட வேண்டும். ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரையில் விடாது.

கட்டிய ஒழுங்குக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள். முதலில் மின்சார வயர்களை ஆள் வைத்துக் கழற்றிவிட்டு, ஓடு, சலாகை, கைமரம், முகட்டு வளை, கடைசியாகத் தீராந்தி. தீராந்தி சுவர்களை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுக்குமுன் பழைய சுவர்களுக்கு முண்டு கொடுக்காவிட்டால் சுவர் வெளியே சாயலாம். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், முழுச் சீற்றாக இறக்குங்கள். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

ஆறடிக்கு மேல் நீளமான எந்த மரத்தையும் இறக்க வசதி என்று நடுவில் அரியவே கூடாது. அவசரக் கூலியாள் செய்கிற முதல் வேலை அதுதான். 12 அடி நீளம், 6 அங்குலம் ஆழம், 4 அங்குலம் அகலமான ஒரு பாலைத் தீராந்தி 2 கன அடி. அறுபது கிலோ வரும். இரண்டு பக்கமும் கயிறு போட்டு, பக்கத்துக்கு இரண்டு பேர் நின்று இறக்குங்கள்.

இறக்கிய உடனே பெயின்றால் இலக்கம் போடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓர் அம்புக்குறி. சுவருக்குச் சுவர் எத்தனை அடி தாண்டிக் கிடந்தது, பக்கத்துத் தீராந்தி எவ்வளவு தூரத்தில் இருந்தது, மேலே இருந்தது ஓடா சீற்றா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இந்தக் கொப்பி பிறகு பொன்னாகும். அந்த மரம் அறுபது வருசம் எதைத் தாங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுக்கும்போது நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் கல் வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் இரண்டு அடிக்கு ஒரு சட்டத்துண்டு போட்டு, மேலே தகரம் வையுங்கள். பொலித்தீன் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்து உக்கும்.

ஆணியும், ஆணி அல்லாததும்

பழைய ஆணியைக் குறட்டால் நேராக இழுத்தால் தலை பிய்ந்துகொண்டு வரும். கூர்நுனி வெளியே தெரிந்தால் முதலில் அந்தப் பக்கமிருந்து தட்டித் தலையைக் கிளப்பி, அப்புறம் அலவாங்கு நுனியால் நெம்புங்கள். வராத ஆணியை மரத்தின் மேற்பரப்போடு ஒட்டி ஹாக்சோவால் அரிந்து, மிச்சத்தை உள்ளே தட்டிவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் குறி போடுங்கள். கையுறை போடுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பல வருசமாகியிருந்தால் வேலை தொடங்குமுன் போட்டுவிடுங்கள்.

பெயின்றுக்குள் மறைந்த இரும்பைக் கண்டுபிடிக்க, பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை எடுத்து ஒரு நூலில் கட்டி மரத்தோடு ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். மேற்பரப்புக்குக் கிட்ட இரும்பு இருந்தால் காந்தம் சரிந்து ஒட்டும்.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சண்டைக் காலத்தை வாழ்ந்து கடந்த வீடுகள் இவை. மாமியின் வீட்டு முகட்டு வளையில் பெருவிரல் அளவு ஒரு பழைய வடு இருந்தது, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தது. காந்தம் அந்த இடத்தில் டக்கென்று ஒட்டியது. உளியால் தோண்டினோம். துருப்பிடித்த, விளிம்பு கூரான ஒரு செல் (எறிகணை) துண்டு வந்தது. மாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டார். அப்படி ஒன்று உள்ளே இருக்க மரத்தை மில்லில் கொடுத்தால் வாள் பல்லு தெறித்து ஆளைக் காயப்படுத்தும். அதனால்தான் சில மில்காரர் பழைய மரத்தை வாங்கி அரியமாட்டார்கள். ஈயக் குண்டு காந்தத்தில் ஒட்டாது. ஆகவே வடு தெரிந்தால் காந்தம் பேசாவிட்டாலும் தோண்டிப் பாருங்கள். முடிந்தவரை மில்லுக்கே போகாமல், வந்த அளவிலேயே மரத்தைப் பாவிப்பதுதான் என் விருப்பம்.

பழைய எனமல் பெயின்ற் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். சுட்டுக் கழற்றவும் வேண்டாம், காய்ந்தபடி தேய்க்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, சுரண்டலைக் கூட்டிக் கட்டி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் அகற்றுங்கள்.

பூச்சிக்கு மருந்து

பலர் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுவார்கள். வேலித் தூணுக்கு என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. படுக்கிற அறையின் மேலே அது வேண்டாம். மணமும் போகாது, உடம்புக்கும் கூடாது, தீயும் வேகமாகப் பிடிக்கும்.

வெண்காரமும் போரிக் அமிலமும் நல்லது. 10 லீற்றர் சுடுநீரில் 600 கிராம் வெண்காரமும் 400 கிராம் போரிக் அமிலமும் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். பெயின்ற் சுரண்டி, வெளிறு செதுக்கி, மரம் முகம் தெரிந்த பிறகு தூரிகையால் தாராளமாகப் பூசுங்கள். ஒரு நாள் விட்டு இரண்டாம் தடவை. நுனிகள்தான் அதிகம் உறிஞ்சும். அவற்றை வாளிக்குள் இறக்கி ஓர் இரவு ஊற விடுங்கள். இது வண்டு, கறையான், உக்கல் மூன்றுக்கும் எதிராக நிற்கும். ஆனால் தண்ணீரில் கரைந்து போய்விடும் மருந்து இது. மழைச் சாரல் படும் விறாந்தை மரத்துக்கு மேலே வார்னிஷோ பெயின்றோ பூசினால்தான் நிற்கும். கையுறை போடுங்கள், மிஞ்சிய கரைசலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மரத்தை அளந்து அறையைக் கீறுதல்

எங்கள் தீராந்திகள் ஆறு, எல்லாம் 14 அடி. ஓடாவியார் ஒவ்வொன்றிலும் இரண்டு நுனியிலும் நல்ல மரம் வரும்வரை வெட்டினார். சராசரி 9 அங்குலம் போனது. ஆக மிஞ்சியது 12½ அடி. ஒவ்வொரு பக்கமும் சுவரில் 6 அங்குலம் உட்கார வேண்டும், ஓர் அடி அதற்குப் போனது. மிச்சம் 11½ அடி. சுவர் நூல் பிடித்ததுபோல வராது, ஆகவே அரை அடி கையிருப்பு. அறையின் உள் அகலம் 11 அடி என்று அன்றைக்குத்தான் முடிவானது. மருமகன் கேட்டது 12. கேட்டபடி கட்டியிருந்தால் ஆறு மரமும் வீண்.

மரத்தை எப்போதும் ஆழமான பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். 4 அங்குலமும் 2 அங்குலமுமான ஒரு சட்டத்தை நிமிர்த்தி வைத்தால், படுக்க வைப்பதைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கும், நாலு மடங்கு குறைவாகத் தொய்யும். அடுத்தது பழைய வெட்டுகள். 6 அங்குல ஆழமான மரத்தில் ஓர் அங்குல வெட்டு இருந்தால் அந்த இடத்தில் மரம் 5 அங்குலம்தான். பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். மரத்தின் நடு மூன்றிலொரு பங்கில் கீழ்ப்பக்கம் வெட்டு வரவே கூடாது. பாரம் ஏறும்போது அங்கேதான் நார் இழுபடும். வெட்டை மேல்பக்கமாகத் திருப்பி, அதே மரத்தில் இறுக்கமான ஆப்பு ஒன்று செய்து அடைக்கலாம். நுனியோரமாக வந்தால் இன்னும் நல்லது, ஆனால் சுவரில் உட்காரும் இடத்துக்கு மேலேயே கீழ்வெட்டு வந்துவிடாமல் பாருங்கள்.

எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பதற்கு அந்தக் கொப்பியை எடுங்கள். பழைய வீட்டில் தாண்டிக் கிடந்த தூரத்தைவிடக் கூட்ட வேண்டாம், பக்கத்து மரத்துக்கான இடைவெளியையும் கூட்ட வேண்டாம், மேலே வரும் பாரத்தையும் கூட்ட வேண்டாம். மூன்றும் பழையபடியோ குறைவாகவோ இருந்தால், உக்கலும் வெட்டும் இல்லாத மரம் தன் வேலையைச் செய்யும். ஏற்கெனவே அஸ்பெஸ்டஸ் தாங்கிய மரத்துக்கு மேல் ஓடு ஏற்றினால் கதை வேறு. ஓட்டுக் கூரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ, சீற் அதில் மூன்றிலொரு பங்குதான். மேலே தளம் போட்டு மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கட்டுரையை நம்பி இறங்காதீர்கள். பொறியியலாளர் ஒருவரைக் கூட்டி வந்து கணக்குப் பார்க்க வையுங்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் படத்தோடு போனால் அவரும் நல்ல யோசனை சொல்வார்.

சந்தேகமான மரத்தைச் சோதிக்க நாங்கள் ஒரு வழி பார்த்தோம். வளவுக்குள் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, 11½ அடி இடைவெளியில், நிலத்துக்கு ஓரடி உயரத்தில் மரத்தை வைத்தோம். நுனியிலிருந்து நுனிக்கு நூல் பிடித்து நடுவில் அளவு எடுத்தோம். பிறகு 50 கிலோ சீமெந்துப் பை நாலை ஒவ்வொன்றாக நடுவில் ஏற்றினோம். ஒரே இடத்தில் நடுவில் வைக்கிற பாரம், நெடுகப் பரவிக் கிடக்கிற அதே பாரத்தைவிட இரண்டு மடங்கு மரத்தை முறிக்கப் பார்க்கும். ஆக 200 கிலோ நடுவில் என்றால் 400 கிலோ பரவிக் கிடப்பதற்குச் சமம். 11½ அடிக்கு 10 மில்லிமீட்டருக்குள் தொய்ந்தால் நல்லது. ஓர் இரவு விட்டு, பையை இறக்கியதும் மரம் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். ஆறில் ஐந்து திரும்பின. ஒன்று திரும்பவில்லை, அதை வெட்டி யன்னல் மேல்மரமாக்கினோம். சோதனை நடக்கும்போது யாரையும் மரத்துக்குக் கிட்ட நிற்க விடாதீர்கள், கால் கீழே போகவே கூடாது.

சுவரில் உட்கார வைத்தல்

புது அறையின் அத்திவாரம் மணலில் கொஞ்சம் இறங்கும். பழைய சுவர் எப்போதோ இறங்கி முடித்துவிட்டது. ஒரே மரத்தின் ஒரு நுனியைப் பழைய சுவரிலும் மறு நுனியைப் புதுச் சுவரிலும் வைத்தால், இரண்டு வருசத்தில் மரம் சாயும், மூலையில் வெடிக்கும். இடம் இருந்தால் பழைய சுவரோரமாகவே புதிதாகத் தூண் எழுப்பி அதன்மேல் வையுங்கள். புதுச் சுவரும் பழைய சுவரும் சந்திக்கும் கோட்டைச் சீமெந்தால் இறுக்காமல் நெகிழ்வான பூச்சால் மூடுங்கள். இடமே இல்லையென்றால், பழைய சுவரைக் குடைந்து மரத்தைச் செருகாமல், 9 அங்குலச் சதுரத்தில் 6 அங்குலத் தடிப்பில் ஒரு கொங்கிறீற் கட்டையை வார்த்து அதன்மேல் உட்கார வையுங்கள். சீமெந்துக் கல்லின் மேல் நேரடியாக வைத்தால் கல் நொறுங்கும்.

மரத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் தார்க்கடதாசி இரண்டு மடிப்பு. நுனியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடுங்கள், மேசன் அதைச் சாந்தால் நிரப்ப வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பார்க்க ஓட்டையாக இருக்கிறது என்பார். பழைய வீட்டில் அந்த 9 அங்குலங்கள் உக்கியதற்குக் காரணமே அந்தச் சாந்துதான்.

முதிரைக்கும் பாலைக்கும் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும் அல்லது நுனி பிளக்கும். முதலில் துளைபோட்டு 12 மில்லிமீட்டர் போல்ட்டும் அகலமான வாஷரும் போடுங்கள். கடற்காற்றுப் படும் இடங்களில் நாகமுலாம் பூசியதையே வாங்குங்கள், வெறும் இரும்பு சில வருசத்தில் துருவேறி மரத்தையும் கறுப்பாக்கித் தின்னும்.

காற்றை மறக்க வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், மரம் முறிந்த கதையைவிடக் கூரை அப்படியே கிளம்பிப் போன கதையைத்தான் அதிகம் சொல்வார்கள். மாமியின் வீட்டிலும் ஓடும் கைமரமும் போய்த் தீராந்திகள் மட்டும் மிஞ்சின. பாரம் கீழே அழுத்தும் என்று மட்டும் நினைத்து மரத்தை வெறுமனே வைத்துவிடக் கூடாது. ஓட்டைக் கழற்றிவிட்டு ரின் சீற் போடுகிறீர்கள் என்றால் மரத்துக்குச் சுமை குறையும், ஆனால் காற்றுக்குத் தூக்க வசதி. சுவரின் மேல் சுற்றிவர கொங்கிறீற் பீம் வாருங்கள். வார்க்கும்போதே மரம் வரும் ஒவ்வொரு இடத்திலும் கம்பிக்கூட்டுக்குள் கொளுவிய போல்ட்டை நிறுத்திவிடுங்கள். அதில் இரும்புப் பட்டையைப் பூட்டி மரத்தைச் சுற்றி இறுக்குங்கள். கைமரத்துக்கும் அதே மாதிரி வளையோடு பட்டை. இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கூரை மூடிய பிறகு, சீலிங் அடிக்காமல் ஒரு மாரியை அப்படியே விடுங்கள். சீலிங் அடித்துவிட்டால் ஒழுக்கு எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு தீராந்தியின் நடுவிலும் நூல் பிடித்து எடுத்த அளவைச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். தை பிறந்ததும் அதே நூலைத் திரும்பப் பிடித்து அளவு பாருங்கள். நுனிகளில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவுங்கள், ஒரு டோர்ச் எடுத்துக் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள், மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு போல்ட் அரைச் சுற்று வாங்கியது, ஒரு நுனியில் மட்டும் ஈரம் தெரிந்தது. மேலே ஓர் ஓடு நகர்ந்திருந்தது. ஓட்டைச் சரிசெய்து, நுனி காய்ந்ததும் திரும்ப மருந்து பூசிய பிறகுதான் சீலிங் அடித்தோம்.